வேல்ஸ் மண்ணில் மூதாதையரைத் தேட: தொலைநாட்டில் இருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை பாரிமுனைக்குப் பெயர் வரக் காரணமான தாமஸ் பாரி ஒரு வேல்ஸ்காரர். 1788-இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கினார். 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். ‘பாரி’ என்பது ‘ஆப் ஹாரி’, அதாவது ஹாரியின் மகன் என்ற வேல்ஸ் வழக்கு சுருங்கி வந்த குடும்பப் பெயர். அவருக்கு நூறாண்டு முன்னால் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலைஹு யேலின் பெயரும் வடகிழக்கு வேல்ஸில் உள்ள ‘யால்’ என்ற வட்டாரத்தின் பெயர்தான். 1721-இல் இறந்த அவர் ரெக்ஸம் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆளுநருக்கும் பெருவணிகருக்கும் வரலாறு எழுத ஆள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் கப்பலேறி வந்த சிப்பாய்க்கும் ரயில்வே தொழிலாளிக்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய வழிவந்தவர்கள் பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் இருக்கிறார்கள். பலர் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போய்விட்டார்கள். இந்தியாவுக்கு வந்தவர்கள் ஒரு சிறு கிளை. பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களுக்கும், ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களுக்கும், அர்ஜென்டினாவின் படகோனியாவுக்கும் போனவர்கள் மிக அதிகம். அந்தக் குடும்பங்களில் எல்லாம் “தாத்தாவின் தாத்தா வேல்ஸிலிருந்து வந்தார், பெயர் ஜான் ஜோன்ஸ்” என்ற ஒற்றை வரிதான் மிஞ்சியிருக்கும்.

அந்த ஒற்றை வரியோடு இணையத்தில் உட்காருபவர் முதல் மாலையிலேயே சோர்ந்துபோவார். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்றே தெரியாது. கிடைத்த நாளிதழ்ச் செய்தி வேல்ஸ் மொழியில் இருக்கும். தவறான ஆளுக்குப் பணம் கட்டி வாங்கிய சான்றிதழ் மூன்று வாரம் கழித்து வந்து சேரும். இந்தச் சோர்வுக்குக் காரணம் தேடுபவரின் திறமைக் குறைவு இல்லை. இங்கிலாந்தில் வேலை செய்யும் முறை வேல்ஸில் வேலை செய்யாது. வேல்ஸில் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறும். இடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் கிடைப்பார். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் செய்வதற்காகத்தான்.

முதல் படி: வீட்டில் இருப்பதை எல்லாம் எடுத்து வையுங்கள்

குடும்ப வேதாகமம் இருந்தால் அதன் முன்பக்கங்களையும் பின்பக்கங்களையும் படம் எடுங்கள். பிறப்பு, இறப்பு தேதிகளை அதில் எழுதி வைப்பது வேல்ஸ் குடும்பங்களில் பரவலான வழக்கம். கருப்பு ஓரமிட்ட நினைவு அட்டைகள், ஞாயிறு பள்ளிப் பரிசாகக் கிடைத்த புத்தகங்கள், கடித உறைகள் எதையும் ஒதுக்க வேண்டாம். பழைய புகைப்படத்தை அட்டையோடு திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். அன்றைக்கு மனிதர்கள் படம் எடுக்கப் பக்கத்துச் சந்தை ஊருக்குத்தான் போனார்கள். எனவே அந்த ஊரைச் சுற்றிய பத்துப் பதினைந்து கல் தொலைவு உங்கள் தேடல் வட்டமாகலாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. குடியேறியவர்கள் புதிய நாட்டில் கட்டிய வீட்டுக்கும் பண்ணைக்கும் விட்டு வந்த இடத்தின் பெயரை வைத்தார்கள். கொள்ளுத்தாத்தா வீட்டு வாசலில் ‘டீ’ என்றோ ‘பென்’ என்றோ ‘கைர்’ என்றோ தொடங்கும் புரியாத பெயர் ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் யாராவது சொன்னால், உடனே குறித்துக்கொள்ளுங்கள். வேல்ஸில் ஒரு குடும்பம் பிழைத்த பண்ணையின் பெயராக அது இருக்க வாய்ப்பு அதிகம்.

வயதானவர்களிடம் பேசுவதைத் தள்ளிப் போடாதீர்கள். “எந்தச் சபைக்குப் போனார்கள்?” என்று கேளுங்கள். பாப்டிஸ்டா, மெதடிஸ்டா, ஆங்கிலிக்கனா என்பது தெரிந்தால் பின்னால் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பது தெளிவாகும்.

இரண்டாம் படி: குடியேறிய நாட்டின் பதிவுகளை முதலில் முடியுங்கள்

வேல்ஸ் பதிவுகளுக்கு நேராகத் தாவுவதுதான் தொடக்கக்காரர்களின் பொதுவான அவசரம். பிறந்த பங்கு எது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கடல் கடந்த நாட்டில்தான் இருக்கும். (ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதியை நம் கிறிஸ்தவர்கள் பங்கு என்பார்கள், இந்தக் கட்டுரையிலும் அதே பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.)

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1853 முதல் தரப்பட்ட இறப்புச் சான்றிதழ்கள் இதற்கு அருமையானவை. பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த இடம், குடியேற்ற நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள், பிள்ளைகளின் பெயர் எனப் பலவும் ஒரே தாளில் இருக்கும். பிரிட்டனின் இறப்புச் சான்றிதழ் அன்றைக்கு இதில் பாதிகூடச் சொல்லாது.

அமெரிக்காவில் 1851-இல் தொடங்கிய ‘அ ட்ரிக்’ என்ற வேல்ஸ் மொழி இதழ், அங்கே இறந்த வேல்ஸ்காரர்களின் இரங்கல் குறிப்புகளை வெளியிட்டு வந்தது. பிறந்த பங்கு, பெற்றோர், சேர்ந்திருந்த சபை ஆகியவற்றைச் சொல்வது அந்தக் குறிப்புகளின் மரபு.

கப்பல் பட்டியலில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். பிரிட்டனிலிருந்து வெளியேறியவர்களின் பட்டியல்கள் முறையாகக் கிடைப்பது 1890-இலிருந்துதான். அதற்கு முன் போனவர்களை இறங்கிய துறைமுகத்தின் பதிவில்தான் தேட வேண்டும். அங்கே வேல்ஸ்காரரை ‘இங்கிலாந்து’ என்ற நாட்டுப் பெயரின் கீழ் எழுதியிருப்பார்கள். பெரும்பாலோர் லிவர்பூலில் கப்பலேறியதால் ‘லிவர்பூல்காரர்’ என்ற தவறான குறிப்பும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. படகோனியாவுக்குப் போன முதல் கூட்டம் ‘மிமோசா’ கப்பலில் 1865-இல் புறப்பட்டதும் லிவர்பூலிலிருந்துதான்.

இந்தியாவில் பணி செய்தவர் என்றால், சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் 1698 முதல் 1948 வரை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ‘ஃபைண்ட்மைபாஸ்ட்’ என்ற கட்டண இணையதளத்தில் அவற்றைப் பார்க்கலாம். பிறந்த ஊர் இந்தப் பதிவுகளில் பெரும்பாலும் இருக்காது. அவர் பிரிட்டிஷ் படைச் சிப்பாயாக இருந்தால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பணிவிடுப்புத் தாள்களைத் தேடுங்கள். சிப்பாய் எந்தப் பங்கில் பிறந்தார் என்று எழுதுவதற்கு அதில் தனி இடமே உண்டு.

ஒரு எச்சரிக்கை: ஜோன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ் என்று பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் வேல்ஸ்காரர் ஆகிவிட மாட்டார். இங்கிலாந்தின் எல்லை மாவட்டங்களிலும் இந்தப் பெயர்கள் நிறைய.

மூன்றாம் படி: பெயர் எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பியர்கள் திணறும் இந்த இடத்தில் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு, தாத்தாவின் இனிஷியலும் பேரனின் இனிஷியலும் வேறாக இருப்பது இயல்பு. பழைய வேல்ஸும் அப்படித்தான் இயங்கியது. ‘தாவித் ஆப் ரீஸ்’ என்றால் ரீஸின் மகன் தாவித். மகளானால் ‘ஆப்’புக்குப் பதில் ‘வெர்க்’ வரும்.

16-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சட்டப்படி இங்கிலாந்தோடு இணைக்கப்பட்ட பிறகு, நிலப்பிரபுக்கள் ஆங்கிலேயரைப் பார்த்து நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆப் ரீஸ் ‘பிரைஸ்’ ஆனது. ஆப் ஹவல் ‘பவல்’ ஆனது. ஆப் ஓவன் ‘போவன்’, ஆப் எவன் ‘பெவன்’ ஆயின. சாதாரண உழவர்களிடம் பழைய வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. சில இடங்களில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இருந்தது. அவர்கள் நிலைப்பெயருக்கு மாறியபோது அந்தந்தத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. ஞானஸ்நானப் பெயர்கள் அன்றைக்குச் சிலவே புழக்கத்தில் இருந்ததால், ஜான், டேவிட், வில்லியம், எவன், தாமஸ் ஆகியவற்றிலிருந்து பிறந்த ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ், தாமஸ் என்ற ஒரு கைப்பிடிப் பெயர்களில் நாடே அடங்கிவிட்டது.

இது தேடலில் எப்படி வெளிப்படும்? வில்லியம் தாமஸின் மகன் ராபர்ட் வில்லியம்ஸ். அவருடைய மகன் ஜான் ராபர்ட்ஸ். மூவரும் நேர் வழிதான், ஆனால் குடும்பப் பெயர் மூன்று. அண்ணன் ஒரு பெயரையும் தம்பி இன்னொரு பெயரையும் நிலையாக்கிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. 1800-ஐ ஒட்டிய தலைமுறையில் தடம் அறுந்தால், தந்தையின் முதற்பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒருமுறை தேடுங்கள். மனைவி சாகும்வரை தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பதையும் பழைய ஏடுகளில் பார்க்கலாம். தாயின் வழியைத் தேடுபவருக்கு அது பெரிய உதவி.

முதற்பெயருக்கும் இரண்டு வடிவம் உண்டு. வீட்டில் ‘ஷான்’ என்று அழைக்கப்பட்டவள் பதிவேட்டில் ‘ஜேன்’. ‘க்விலிம்’ வில்லியமாகவும், ‘மார்கெட்’ மார்கரெட்டாகவும், ‘லவ்ரி’ லாராவாகவும் எழுதப்படுவார்கள். ‘லுவெலின்’ லூயிஸ் ஆவதும், ‘யோர்வெர்த்’ எட்வர்ட் ஆவதும் ஒலி ஒற்றுமை அதிகம் இல்லாததால் பலரைத் திசை திருப்பியிருக்கின்றன. தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: ஊரைப் பிடியுங்கள்

1974 வரை வேல்ஸில் 13 பழைய மாவட்டங்கள் இருந்தன. அந்த ஆண்டு அவை 8 ஆக்கப்பட்டன; 1996-இல் 22 நிர்வாகப் பகுதிகளாக மீண்டும் பிரிந்தன. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு 1850-ஆம் ஆண்டின் ஆளைத் தேடினால் தவறான காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவீர்கள். பழைய மாவட்டங்களின் வரைபடம் ஒன்றை அச்செடுத்து மேசைமேல் வையுங்கள்.

பல ஊர்களுக்கு இரண்டு பெயர். ஆங்கிலத்தில் ஸ்வான்சி, வேல்ஸ் மொழியில் அபெர்டாவே. ஹோலிஹெட் என்பது கைர்கபி. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது அடுத்த சிக்கல். ‘லான்’ என்றால் தேவாலய வளாகம். மரியாளின் தேவாலயம் இருந்த இடமெல்லாம் லான்வைர், மிக்கேலின் தேவாலயம் இருந்த இடமெல்லாம் லான்விஹாங்கல். கார்டிகன்ஷயரில் மட்டுமே பல லான்விஹாங்கல்கள் உண்டு. எனவே அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டுச்சொல்தான் உண்மையான முகவரி. குடும்பக் குறிப்பில் ஒட்டுச்சொல் சிதைந்திருந்தாலும் அப்படியே எழுதி வையுங்கள்; நீங்களாகத் திருத்திவிடாதீர்கள்.

ஊரும் பங்கும் ஒன்று என்று நினைத்துவிடவும் கூடாது. பெதெஸ்டாவை எடுத்துக்கொள்வோம். வடக்கு வேல்ஸில் பென்ரின் சிலேட் குவாரியை ஒட்டி வளர்ந்த ஊர் அது. 1820-இல் எழுந்த ஒரு சபைக் கட்டடத்தின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. அமெரிக்க இரங்கல் குறிப்பில் “பெதெஸ்டாவில் பிறந்தவர்” என்று இருக்கும். ஆனால் பங்குப் பதிவேடுகளில் பெதெஸ்டா என்று தேடினால் ஒன்றும் வராது. ஊர் பெரும்பாலும் லான்லெகிட் பங்குக்குள் இருந்தது. குடிமைப் பதிவில் அதே ஊர் ‘பாங்கோர்’ பதிவு மாவட்டம். பென்சில்வேனியாவின் சிலேட் வட்டாரத்திலும் ஒரு பாங்கோர் இருக்கிறது, மெய்ன் மாநிலத்திலும் ஒன்று, அயர்லாந்திலும் ஒன்று. ஊர், பங்கு, பதிவு மாவட்டம், பழைய மாவட்டம் என்ற நான்கையும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக எழுதி வைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது.

ஐந்தாம் படி: 1837-க்குப் பின்னால் உள்ள தலைமுறைகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1921 வரை உள்ளவை இன்று பார்வைக்குக் கிடைக்கின்றன. 1931-இன் ஏடுகள் தீயில் அழிந்துவிட்டன. 1941-இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இந்த இரண்டு தொகுதிகளையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

ஒரு கற்பனை ஜான் ஜோன்ஸை எடுத்து நடந்து பார்ப்போம். 1852 வாக்கில் பெதெஸ்டாவில் பிறந்தவர், குவாரித் தொழிலாளி, 1880-களில் பென்சில்வேனியாவுக்குப் போனார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

முதலில் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணைக்குப் போங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. முன்பிருந்த அட்டவணைகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-க்குப் பிறகுதான் கிடைக்கும். இந்த அலுவலகம் தயாரித்த புதிய அட்டவணையில் 1837-இலிருந்தே இருக்கிறது. வேல்ஸ் தேடலுக்கு இதைவிடப் பெரிய வரம் சமீப காலத்தில் வரவில்லை. பாங்கோர் மாவட்டத்தில் 1851, 1852, 1853-இல் பிறந்த எல்லா ஜான் ஜோன்ஸையும் பட்டியல் எடுங்கள். தாயின் பெயர் ராபர்ட்ஸ், ஹியூஸ், வில்லியம்ஸ் என்று ஆட்கள் பிரிவார்கள். தாயும் ஜோன்ஸாகப் பிறந்தவள் என்றால் மட்டும் கலங்கல் நீடிக்கும்.

அடுத்து, கழிக்கத் தொடங்குங்கள். அதே தளத்தின் இறப்பு அட்டவணையில் வயது இருக்கிறது. குழந்தையிலேயே இறந்தவர்களை அடித்துவிடலாம். நம் ஆள் அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் வேல்ஸ் கணக்கெடுப்பில் தென்படுகிறவர்களையும் அடித்துவிடலாம். கடைசியில் இரண்டு மூன்று பேர் மிஞ்சும்போது சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள். முதலில் கண்ணில் பட்டவருக்கே சான்றிதழ் வாங்குவதால்தான் பலருடைய பணமும் மனமும் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன.

திருமணச் சான்றிதழில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். குவாரி ஊரில் தந்தையின் தொழில் உங்களுக்கு உதவாது. ஊரே குவாரியில்தான் வேலை செய்தது. அப்போது மற்றக் கட்டங்களைப் பாருங்கள்: திருமணம் எந்தச் சபையில் நடந்தது, வசித்த வீட்டின் பெயர் என்ன, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார். வயதுக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘முழு வயது’ என்று எழுதியிருந்தால் 21 நிறைந்தவர் என்பது மட்டுமே பொருள். திருமணங்களைத் தேட ‘ஃப்ரீபிஎம்டி’ இலவசம். வடக்கு மாவட்டங்களுக்கு ‘நார்த் வேல்ஸ் பிஎம்டி’ என்ற தளமும் இருக்கிறது.

கணக்கெடுப்புத் தாளில் எல்லோரும் பெயரையும் வயதையும் பார்ப்பார்கள். நீங்கள் இடது ஓரத்தில் இருக்கும் வீட்டுப் பெயரைப் பாருங்கள். 1861-இல் ஒரு வீட்டில் இருந்த குடும்பம் 1871-இலும் அதே வீட்டில் இருந்தால், ஊரில் எத்தனை ஜோன்ஸ் இருந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 38 வயதுக்காரர் 35 ஆகத் தெரிவார். அதில் பிறந்த பங்கும் இருக்காது. இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பது மட்டும் இருக்கும். பங்கின் பெயர் 1851-இலிருந்து கிடைக்கிறது. 1891 முதல் வேல்ஸ் தாள்களில் என்ன மொழி பேசுகிறார் என்ற கட்டம் சேர்ந்தது. 1911-இல் மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் பிறந்து எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதினார்கள். பதிவேடுகளில் தவறிய குழந்தைகளை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. குடும்பத்திலேயே அரிதான பெயர் கொண்டவரைத் தேடுங்கள். ஜானைத் தேடித் தோற்ற இடத்தில் அவருடைய தங்கை க்வென்லியனோ தம்பி எபனேசரோ ஐந்து நிமிடத்தில் கிடைப்பார்கள். அவர்களோடு பெற்றோரும் ஜானும் அதே வீட்டில் இருப்பார்கள்.

குடும்பம் திடீரென்று காணாமல் போனால் வரலாற்றைப் பாருங்கள். பென்ரின் குவாரியில் 1900 நவம்பரில் தொடங்கி 1903 வரை நீண்ட போராட்டத்தில் பட்டினி தாங்காமல் பலர் தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்குப் பிழைக்கப் போனார்கள். 1901 கணக்கெடுப்பில் பெதெஸ்டாவில் இல்லாத தகப்பனைத் தெற்கே ஏதாவது ஒரு வாடகை அறையில் காணலாம். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருப்பார்கள்.

ஆறாம் படி: 1837-க்கு முன்னால்

இங்கிருந்து ஆங்கிலிக்கன் தேவாலயங்களின் பங்குப் பதிவேடுகளே முதன்மை. ஏடு எழுத வேண்டும் என்ற ஆணை 1538-இல் வந்தாலும், வேல்ஸின் பெரும்பாலான பங்குகளில் எஞ்சியிருப்பவை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிந்தியவை. ஏடு அழிந்திருந்தால் ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். அவை அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பதிவேடுகளின் படிமங்கள் ‘ஃபைண்ட்மைபாஸ்ட்’டில் கட்டணத்துக்கு உண்டு, அட்டவணையில் ஒரு பகுதி ‘ஃபேமிலிசர்ச்’சில் இலவசம்.

உங்கள் குடும்பம் அந்தத் தேவாலயத்துக்குப் போகாததாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. 1851-இல் எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பில் வேல்ஸில் வழிபடச் சென்றவர்களில் ஐந்தில் நால்வர் அளவுக்கு ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளில் இருந்தார்கள். கால்வினிய மெதடிஸ்ட், சுயாதீனர், பாப்டிஸ்ட், வெஸ்லியன் என அவை பிரிந்திருந்தன. 1837-ஐ ஒட்டி அந்தச் சபைகள் அரசிடம் ஒப்படைத்த பதிவேடுகள் கியூவில் பத்திரமாக இருக்கின்றன. ஒப்படைக்காதவை போதகர் வீட்டிலும் மூப்பர் வீட்டிலும் கிடந்து பெருமளவு அழிந்துபோயின. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. எனவே அந்தக் குடும்பத்தில் பிறப்பை ஒட்டிய ஞானஸ்நானப் பதிவை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் திருமணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். சபைக் குடும்பத்தின் பிறப்பு கிடைக்காவிட்டாலும் திருமணம் பங்குப் பதிவேட்டில் இருக்கும். அடக்கமும் அங்கேயே கிடைக்கக்கூடும்.

ஏழாம் படி: வீட்டிலிருந்தே இலவசமாகக் கிடைப்பவை

தொலைவில் இருப்பவருக்கு வேல்ஸ் தேசிய நூலகம் செய்திருக்கும் உதவி மிகப் பெரியது. 1858-க்கு முன்பு வேல்ஸின் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவான உயில்கள் 1,90,000-க்கும் மேல். அவற்றின் படிமங்களை உலகில் எங்கிருந்தும் காசில்லாமல் பார்க்கலாம். உயில் பணக்காரர்களுக்குத்தான் என்று எண்ணிக் கடந்து போகாதீர்கள். சின்ன உழவர்களும் விதவைகளும் எழுதியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உள்ளவற்றில் சொத்துப் பட்டியலும் பல நேரம் இணைந்திருக்கும்: பசு இத்தனை, ஆடு இத்தனை, படுக்கை, வெண்கலப் பாத்திரம் என்று விலையோடு எழுதியிருப்பார்கள். ஜோன்ஸ் என்ற வெறும் பெயர் அங்கே ஒரு மனிதராகிறார். “என் மகள் மார்கரெட், எவன் தாமஸின் மனைவி” என்ற ஒரு வரி இரண்டு குடும்பங்களை இணைத்துவிடும்.

அதே நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பில் 1919 வரையான இதழ்கள் சுமார் 11 லட்சம் பக்கங்கள் இலவசம். சுரங்க விபத்து, சபை ஆண்டு விழா, இறப்பு அறிவிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆளின் பெயரைப் போடாமல் பண்ணையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்; விளைவு பளிச்சென்று மாறும். வேல்ஸ் மொழியில் முன்சொல்லுக்கு ஏற்ப ஊர்ப் பெயரின் முதல் எழுத்து திரியும் என்பதையும் மனதில் வையுங்கள். “பாங்கோரில்” என்று எழுதும்போது அது ‘மாங்கோர்’ ஆகும். ‘டொல்கெல்லை’ என்ற ஊர்ப் பெயர் ‘நொல்கெல்லை’ ஆகும்.

மூன்றாவது, தசமபாக வரைபடங்கள். 1836-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வரையப்பட்ட இவற்றில் பல வயல்களின் பெயரும், உரிமையாளர் யார், உழுதவர் யார் என்பதும் உண்டு. 1841 கணக்கெடுப்பில் கண்ட பண்ணையை இதில் வைத்துப் பார்த்தால், மூதாதையர் நடந்த வரப்பையே இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்கலாம்.

எட்டாம் படி: கல்லறை வாசகத்தைப் படிக்க

மொழி தெரியாததால் யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. கல்லறையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பத்துக்கு மேல் இருக்காது. ‘எர் கோவ் ஆம்’ நினைவாக. ‘பி வார்வ்’ இறந்தார். ‘கன்விட்’ பிறந்தார். ‘க்ளத்விட்’ அடக்கம் செய்யப்பட்டார். ‘க்வ்ரைக்’ மனைவி, ‘மாப்’ மகன், ‘மெர்க்’ மகள், ‘ஹெவித்’ மேலும், ‘ஓய்த்’ வயது. மகனும் மகளும் ‘வாப்’, ‘வெர்க்’ என்றும் திரியும். பெயருக்குக் கீழே பண்ணையின் பெயர் பொறித்திருப்பது வழக்கம். ஊர்வாரியாகக் கல்லறைகளைப் படியெடுத்து வைத்திருப்பவை மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள். குவினெத், கிளாமர்கன், டவெத், போவிஸ், கிளுவித், க்வென்ட் என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று உண்டு.

ஒன்பதாம் படி: காப்பகத்துக்கு எழுதுவது எப்படி

மாவட்ட ஆவணக் காப்பகங்களில் ஆட்கள் குறைவு. “ஜோன்ஸ் குடும்பத்தைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் அனுப்புங்கள்” என்று எழுதினால் பயனுள்ள பதில் வராது. ஒரு மின்னஞ்சலில் ஒரு கேள்வி கேளுங்கள். ஆளின் பெயர், தோராய ஆண்டு, பங்கு, வீட்டின் பெயர், ஏற்கெனவே பார்த்த பதிவுகள் ஆகியவற்றை ஐந்து வரிக்குள் சொல்லுங்கள். இந்தப் பங்கின் இன்ன ஆண்டுப் பதிவேடு உங்களிடம் இருக்கிறதா, நகல் எடுக்க என்ன கட்டணம் என்று கேட்டால் தெளிவான பதில் வரும். நேரில் போகத் திட்டமிட்டால் காப்பகம் எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூலிக்கு ஆய்வாளரை அமர்த்தலாம். மேலே சொன்னவற்றை முடித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட முடிச்சை அவிழ்க்க மட்டும் அமர்த்துங்கள். ஜோன்ஸ் குடும்பச் சின்னம், எவன்ஸ் குடும்பச் சின்னம் என்று சட்டம் போட்டு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். சின்னம் தனிமனிதருக்கு அளிக்கப்பட்டது. ஒரு பெயர் கொண்ட எல்லோருக்கும் உரியது அன்று.

பத்தாம் படி: எங்கே நிறுத்துவது

இணையத்தில் பிறர் ஏற்றி வைத்த குடும்ப மரங்கள் ஏராளம். பெயர் ஒன்றாக இருக்கிறது, வயதும் ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு ஆட்களை ஒட்டி வைத்த மரங்கள் அவற்றில் நிறைய. ஒருவர் ஒட்டியதை நூறு பேர் நகலெடுத்தால் அது ஆதாரம் ஆகிவிடாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்கள் வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்; அவற்றில் ஒன்றாவது இடத்தை உறுதி செய்ய வேண்டும். மரபணுச் சோதனை உறவுக்காரரைக் காட்டும், ஆனால் அந்த உறவு எந்த வழியில் என்பதைச் சொல்ல மீண்டும் இதே ஆவணங்கள்தான் வர வேண்டும்.

நிலம் வைத்திராத உழவர் குடும்பம் என்றால் 1750-ஐ ஒட்டித் தடம் மங்கிவிடுவது சாதாரணம். அங்கே நின்றுவிடுவது தோல்வி ஆகாது. அதற்கு மேல் ஊகத்தால் ஏறி ஏதோ ஒரு இளவரசனிடம் கொண்டுபோய் இணைத்தால், உண்மையில் குவாரியில் கல் உடைத்த மனிதருக்குச் செய்யும் அவமதிப்பு அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பென்சில்வேனியாவிலோ பெர்த்திலோ பெரம்பூரிலோ உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் வேதாகமப் பக்கமும் கடிதமும் வேல்ஸில் யாரிடமும் இல்லாத ஆவணங்கள். உங்கள் தேடல் முடிந்தாலும் முடியாவிட்டாலும், அவற்றின் தெளிவான நகலை மூதாதையரின் மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அங்கே அதே குடும்பத்தின் மறுபாதியைத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பார்.